காலி மனையும் காலி டொமைனும்

வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு கேளம்பாக்கம் சாலையில் திரும்பி கொளப்பாக்கம், ரத்தினமங்கலம், கண்டிகை என்று போய்க்கொண்டே இருந்தால் பல இடங்களில் ஒரே காட்சிதான். நட்டு வைத்த கல், அதில் மனை எண், சுற்றி முள்கம்பி, நடுவில் ஆளுயரத்துக்குக் கருவேலம். "இந்த இடம் இன்னாருக்குச் சொந்தமானது, அத்துமீறி நுழைந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு பலகை. வாங்கியவர் எங்கோ இருப்பார். வீடு கட்டும் எண்ணம் அப்போது இருந்தது, இப்போது இல்லை. ஆனாலும் நஷ்டமில்லை. வெளிவட்டச் சாலை வந்தது, 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தது, விலை ஏறியது. சும்மா கிடந்த மண் தானாகவே சம்பாதித்துக் கொடுத்தது.

இதே சாலையில்தான் பொறியியல் கல்லூரிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் விடுதி அறைகளில் வேறு வகைக் காலி மனைகள் உண்டு. டொமைன்கள்! ராத்திரி ஒரு மணிக்கு ஒரு ஸ்டார்ட்அப் யோசனை வரும், ஒன்றேகாலுக்கு அதற்கான பெயரை வாங்கியாகிவிடும், காலையில் யோசனை போய்விடும், பெயர் மட்டும் கணக்கில் நிற்கும். முதல் வருடம் 99 ரூபாய், 199 ரூபாய் என்று ஆசை காட்டுகிறார்களே, யாருக்குத்தான் கை அரிக்காது? இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம் ஆயிரத்தைத் தொடும்போதுதான் கேள்வி எழும்: இதை வைத்திருப்பதா, விடுவதா?

(தமிழில் இதற்கு "ஆள்களப் பெயர்" என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் பணம் கட்டும்போது எல்லோரும் டொமைன் என்றுதான் சொல்கிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.)

பெரும்பாலானவர்கள் எடுக்கும் முடிவு என்னவென்றால், இன்னும் ஆரம்பிக்காத கனவுத் தளத்தின் பெயரை வருடா வருடம் பணம் கட்டிக் காப்பாற்றுவது, நடத்தி முடித்த பழைய தளத்தின் பெயரை "அதுதான் முடிந்துவிட்டதே" என்று விட்டுவிடுவது. இது அப்படியே தலைகீழ். யாரும் பார்த்திராத பெயரை விட்டால் எதுவும் ஆகாது. நாலு பேர் நம்பிப் பயன்படுத்திய பெயரை விட்டால்தான் வினை.

முதலில் இந்த பார்க்கிங் சமாசாரத்தைப் பார்த்துவிடலாம். பெயரை வாங்குகிறீர்கள், தளம் இன்னும் இல்லை. அந்தப் பெயரைத் தேடி வருபவரை எங்கே அனுப்புவது என்று நேம்சர்வர் சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் விற்ற நிறுவனம் தன் சொந்தப் பக்கம் ஒன்றைக் காட்டும். "இந்தப் பெயர் பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று ஒரு வரி, கீழே பத்து விளம்பரச் சுட்டிகள். வாடகை கட்டுவது நீங்கள், மதில் சுவரில் போஸ்டர் ஒட்டிக் காசு பார்ப்பது அவர்கள். இது ஒரு வகை. ஹோஸ்டிங் நிறுவனங்களின் சிபேனலில் "பார்க்டு டொமைன்" என்று இருந்தது வேறு வகை. இரண்டு மூன்று பெயர்களை ஒரே தளத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. பின்னாளில் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ஒன்றானாலும் முதலாவது சோம்பேறித்தனம், இரண்டாவது உருப்படியான வேலை.

விளம்பரப் பக்கத்தில் காசு கொட்டிய காலமும் உண்டு. மக்கள் முகவரிப் பட்டையில் குத்துமதிப்பாக ஒரு பெயரை அடித்து "டாட் காம்" சேர்த்துப் பார்த்த காலம். அப்படித் தவறி வந்து விழுபவர்களை நம்பியே ஆயிரக்கணக்கில் பெயர் வாங்கிக் குவித்தார்கள். 2003 செப்டம்பர் 15-ல் வெரிசைன் நிறுவனம் ஒரு படி மேலே போனது. டாட் காம், டாட் நெட் பதிவேட்டை நடத்துவதே அவர்கள்தான். யாருமே வாங்காத பெயர்களை அடித்தாலும் தங்கள் பக்கம் வந்து நிற்கும்படி செய்தார்கள். அதாவது ஊரிலுள்ள புறம்போக்கு மொத்தத்துக்கும் ஒரே பலகை! எதிர்ப்பு கிளம்பி, ஐகான் அமைப்பு தலையிட்டு, அக்டோபர் 4-ல் நிறுத்தினார்கள். கூகுளும் 2008-ல் இதற்கென்றே ஒரு ஆட்சென்ஸ் சேவையை எல்லோருக்கும் திறந்துவிட்டு 2012-ல் அதை மூடியது. 2025-ல் இத்தகைய காலிப் பக்கங்களில் விளம்பரம் வராதபடி விளம்பரதாரர்களை இயல்பாகவே விலக்கி வைத்தது. இன்று யார் பெயரை அடித்துப் பார்க்கிறார்கள்? எல்லாம் தேடுபொறிதான். ஆக "சும்மா வைத்திருந்தால் காசு வரும்" என்ற கணக்கு முடிந்துபோன கதை.

"சரி, விலை ஏறுமே?" என்று அடுத்த கேள்வி வரும். மனை புத்தி இங்கேதான் ஏமாற்றுகிறது. வண்டலூரில் இருக்கும் மண் அவ்வளவுதான், புதிதாக முளைக்காது. பெயர் அப்படியா? டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன், அதுவும் இல்லையென்றால் டாட் ஆப், டாட் டெக் என்று நூற்றுக்கணக்கில் புதுப் புது நகர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தமிழிலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் உண்டு. இன்னொன்று, மனைக்குப் பட்டா உண்டு. டொமைனுக்குக் குத்தகைதான். ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருடம், அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

குத்தகைதாரர் நிலைமை எப்படிப்பட்டது என்று தெரிய வண்டலூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் போனால் போதும். கூடுவாஞ்சேரி பக்கம் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில்தான் ஜோஹோ நிறுவனம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 24 அன்று அவர்களுடைய முக்கிய டொமைனே திடீரென்று செயலிழந்தது. சர்வர் படுக்கவில்லை, யாரும் புகுந்து நாசம் செய்யவில்லை. டொமைனைப் பதிவு செய்து கொடுத்திருந்த டியராநெட் நிறுவனம், சில மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டிப் பெயரை நிறுத்திவைத்துவிட்டது. ஜோஹோ சொன்ன கணக்குப்படி புகார்கள் மூன்றே மூன்று! உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் மெயில் பார்க்க முடியாமல் தவித்தார்கள். நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியதாயிற்று. பிறகு பெயரை க்ளவுட்ஃப்ளேருக்கு மாற்றிக்கொண்டார்கள். இனி தாங்களே பதிவாளர் ஆகிவிடப்போவதாகவும் அறிவித்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் 99 ரூபாய் வாடிக்கையாளர் எம்மாத்திரம்?

பெரிய நிறுவனத்தின் பெயரை முன்கூட்டியே யூகித்து வாங்கிப்போட்டு லட்சங்களுக்கு விற்கும் ஆசையும் இருக்கிறதே, அதையும் பார்த்துவிடலாம். 2024 அக்டோபரில் எல்லோரும் பேசிய ஜியோஹாட்ஸ்டார் கதை நினைவிருக்கும். இரண்டு நிறுவனங்களும் இணையும் என்று யூகித்து டில்லி இளைஞர் ஒருவர் 2023-லேயே அந்தப் பெயரில் டொமைனை வாங்கிவிட்டார். கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கொடுத்தால் பெயரைத் தருகிறேன் என்று அதே பக்கத்தில் கடிதம் எழுதி வைத்தார். ரிலையன்ஸ் மறுத்துவிட்டதாகப் பிறகு அவரே எழுதினார். பெயர் துபாயிலிருந்த ஒரு அண்ணன் தங்கையிடம் போனது. அவர்களோ நிறுவனத்துக்கு இலவசமாகவே தர முன்வந்தார்கள்.

அந்த இளைஞரைத் திட்ட வேண்டியதில்லை. கேட்டது படிப்புக்குத்தான். ஆனால் சட்டம் அந்தப் பக்கம் இல்லை என்பது 20 வருடம் முன்பே தெரிந்த விஷயம். தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சிஃபி நிறுவனம், அப்போதைய சத்யம் இன்ஃபோவே, தொடுத்த வழக்கு அது. 'சிஃபி' என்று தொடங்கும் பெயர்களை அவர்கள் 1999-லேயே பதிவு செய்திருந்தார்கள். இன்னொரு நிறுவனம் கூடுதலாக ஒரு 'எஃப்' மட்டும் சேர்த்து அதே மாதிரி பெயர்களை எடுத்துக்கொண்டது. பெங்களூரு நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது, கடைசியில் 2004 மே 6-ல் உச்சநீதிமன்றம் சத்யம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டொமைன் வெறும் முகவரி அல்ல, வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அதன் சாரம். டாட் இன் பெயர்களுக்கு 2005 முதல் தனித் தகராறு விதிமுறையே இருக்கிறது. டாட் காம் விதியில் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். டாட் இன் விதியில் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். "நான் ஒன்றுமே செய்யவில்லையே, சும்மாதானே நிறுத்தி வைத்திருந்தேன்" என்ற வாதம் டாட் காமிலேயே 2000-ம் ஆண்டு டெல்ஸ்ட்ரா வழக்கில் எடுபடவில்லை. சும்மா இருப்பதும் ஒரு வகைப் பயன்பாடுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, பிறக்காத தளத்தின் பெயரால் வருமானம் இல்லை, விலை ஏறும் நிச்சயம் இல்லை, அடுத்தவர் பெயர் மாதிரி இருந்தால் வம்பு வேறு. ஆறு மாதத்தில் தளம் வரும் என்றால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தாராளமாக விட்டுவிடலாம். நல்ல யோசனைக்கு இன்னொரு பெயர் கிடைக்காமலா போகும்?

வாழ்ந்து முடித்த பெயர் விஷயம் முற்றிலும் வேறு.

1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்தப் பெயர்தான் வாசல். அமெரிக்காவில் ஒரு லினக்ஸ் ஆசாமி தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி அதை மீட்டுக்கொடுத்தார். சிரித்துவிட்டுப் போகலாம், அது நல்லவர் கையில் சிக்கியது. 2022 மே மாதம் நடந்ததைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பைதான் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பைபிஐ தளத்தில் 'சிடிஎக்ஸ்' என்று ஒரு சின்னத் தொகுப்பு இருந்தது. 2014-க்குப் பிறகு அதை எழுதியவர் தொடவே இல்லை. அவருடைய பைபிஐ கணக்கு, சொந்த டொமைனில் இருந்த மின்னஞ்சல் முகவரியோடு இணைந்திருந்தது. அந்த டொமைன் காலாவதியானது. மே 14 அன்று வேறொருவர் அதை முறைப்படி காசு கொடுத்து வாங்கினார். மின்னஞ்சல் பெட்டியை அமைத்தார். "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினார். அவ்வளவுதான்! கணக்கு அவர் கையில். தொகுப்புக்குள், நிறுவுபவரின் கணினியிலுள்ள ரகசியச் சாவிகளைத் திருடி அனுப்பும் நிரலைச் செருகினார். பத்து நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

எங்கும் பூட்டு உடைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்தார், புதியவர் குடிவந்தார், பழையவருக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தார். பைபிஐ 2025-ல்தான், மின்னஞ்சல் முகவரியின் டொமைன் காலாவதியாகிவிட்டதா என்று தானாகச் சோதிக்க ஆரம்பித்தது. மற்ற எத்தனை சேவைகள் அப்படிச் சோதிக்கும் என்று நம்பி இருக்க முடியுமா?

இன்னொரு சம்பவம். டாட் மோபி பதிவேட்டின் பழைய ஹூயிஸ் சேவை ஒரு டொமைனில் ஓடிக்கொண்டிருந்தது. சேவையை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, பழைய பெயரை 2023 டிசம்பரில் காலாவதியாக விட்டுவிட்டார்கள். 2024-ல் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் 20 டாலருக்கு அதை வாங்கி ஒரு சர்வரை வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களுக்குள் 1,35,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அதன் கதவைத் தட்டின. அரசு அலுவலக மெயில் சர்வர்கள், பாதுகாப்பு நிறுவனங்கள் எல்லாம் அதில் அடக்கம். பெயர் செத்துவிட்டது என்று வைத்திருந்தவர்கள்தான் நினைத்தார்கள். ஊருக்கு அது தெரியாது.

இந்தியாவில் இதே சோதனை இப்போது பெரிய அளவில் வந்திருக்கிறது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயர்களுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உட்பட எல்லோரும் மாறினார்கள். போலித் தளங்களைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே வருடத்தில் அத்தனை வங்கிகளின் பழைய பெயர்களும் "பயன்படாத பெயர்கள்" ஆகிவிட்டன. அவை பாஸ்புக்கில் அச்சாகியிருக்கின்றன, பழைய குறுஞ்செய்திகளில் இருக்கின்றன, தாம்பரத்தில் ஓய்வூதியம் வாங்கும் ஒரு தாத்தாவின் கணினியில் புக்மார்க்காக இருக்கின்றன. வருடம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று எந்த வங்கியாவது அதில் ஒரு பெயரைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டொமைன் பார்க்கிங் என்ற வேலைக்கு உண்மையான அவசியம் இங்கேதான். பழைய பெயரை வைத்திருந்து புதிய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும், வருடக்கணக்கில்.

வங்கி பெரிய உதாரணம். மாணவர்களுக்குச் சின்ன உதாரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு துறையும் சிம்போசியம் நடத்துகிறது. ஒவ்வொரு வருடமும் புது கமிட்டி, புது டொமைன். பதிவுக் கட்டணம் அந்தத் தளத்தில்தான் வாங்குகிறார்கள். சான்றிதழில் க்யூஆர் கோடு அச்சடித்து, சரிபார்க்க அந்தத் தளத்துக்கே சுட்டி கொடுக்கிறார்கள். விழா முடிந்ததும் பெயரை யாரும் நினைப்பதில்லை. ஒரு வருடம் கழித்துக் காலாவதி. அந்தச் சான்றிதழை இணைத்து வேலைக்கு விண்ணப்பிக்கும் பையனின் க்யூஆர் கோடை மனிதவள அதிகாரி ஸ்கேன் செய்தால் ரம்மி ஆட்டம் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததாகத்தான் அவர் நினைப்பார். கல்லூரித் தளத்திலும் நாளிதழ்ச் செய்தியிலும் இருந்து வரும் சுட்டிகள்தான் பழைய பெயரின் மதிப்பு. சூதாட்டத் தளக்காரர்கள் காலாவதிப் பட்டியலைப் பார்த்து இவற்றைப் பொறுக்குவது அதற்காகவே.

"இரண்டு நாள் விழாவுக்கு ஐந்து வருடம் பணம் கட்டச் சொல்வது அநியாயம்" என்று சொல்லலாம். நியாயமான பேச்சு. அதற்குப் பதில், அந்தப் பெயரை வாங்கியிருக்கவே வேண்டாம் என்பதுதான். கல்லூரியின் சொந்த டொமைனுக்கு முன்னால் விழாவின் பெயரைச் சேர்த்து ஒரு துணைப்பெயர் கேட்டால் செலவே இல்லை. கணினி மையத்தில் அதற்கு மூன்று கையெழுத்து, நாலு நாள் அலைச்சல் இருக்கும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பல பேர் 99 ரூபாய்ப் பக்கம் ஓடுகிறார்கள். தவறு மாணவர்கள் மேல் மட்டும் இல்லை. ஒரு படிவத்தை எளிதாக்கக் கல்லூரிகளுக்கு என்ன கஷ்டம்?

ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்தியவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பார்க்கிங் என்ற பெயரில் தனித் திட்டம் எதையும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்க வேண்டாம். பெயரைப் பதிவு செய்த இடத்திலேயே திருப்பிவிடும் வசதி பெரும்பாலும் இலவசமாக இருக்கும். விளம்பரப் பக்கத்தை அணைத்துவிட்டு, "விழா முடிந்தது, சான்றிதழ் பட்டியல் இங்கே" என்று ஒரு பக்கத்துக்குத் திருப்பினால் போதும். அந்தப் பக்கத்தை கிட்ஹப் போன்ற இலவச இடத்தில் வைக்கலாம். ஆனால் அங்கே பக்கத்தை அழிக்கும் அன்றே டிஎன்எஸ் பதிவையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் காலியான அந்த இடத்தை வேறொருவர் பிடித்து உங்கள் பெயரிலேயே கடை திறப்பார், டொமைன் உங்களிடம் இருக்கும்போதே!

மின்னஞ்சலையும் மறக்கக் கூடாது. அந்தப் பெயரில் முகவரி வைத்திருந்தால் எந்தெந்தக் கணக்குகளில் அதைக் கொடுத்தீர்கள் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பணம் வாங்கிய பேமெண்ட் கேட்வே, கிட்ஹப், இன்ஸ்டாகிராம், எல்லாம். ஒரு வருடமாவது வரும் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு "இந்தப் பெயர் மெயில் வாங்காது, அனுப்பாது" என்று டிஎன்எஸ்ஸில் அறிவித்துவிடலாம். வாங்காது என்பதற்கு 2015 முதல் முறையான தரநிர்ணயமே இருக்கிறது, அனுப்பாது என்பதற்கு எஸ்பிஎஃப் பதிவு. இதைச் செய்யாமல் சும்மா நிறுத்தி வைத்த பெயர்களிலிருந்து வருவது போல மோசடிக் கடிதம் அனுப்புவது சுலபம்.

காலாவதியானதும் பெயர் உடனே பறிபோய்விடாது என்பது ஒரு ஆறுதல். டாட் காமில் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலும், பிறகு 30 நாள் அபராதத்தோடும் மீட்கலாம், அதற்குப் பின் 5 நாளில் அழியும். இந்த ஆறுதலை முழுசாக நம்ப வேண்டாம், அழியும் முன்பே ஏலத்துக்கு விடும் நிறுவனங்கள் உண்டு.

புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் வருமே என்பவர்களுக்கு ஒரு தகவல். விழா டொமைன் பெரும்பாலும் அந்த வருடச் செயலாளரின் சொந்தக் கணக்கில் இருக்கும். கணக்குக்கு அவர் கொடுத்தது கல்லூரி மின்னஞ்சல் முகவரியாக இருந்தால், பட்டம் வாங்கிய பின் அதைக் கல்லூரி மூடிவிடலாம். நினைவூட்டல்கள் ஒழுங்காகத்தான் வரும், படிக்க ஆள் இருக்காது. கமிட்டி கைமாறும்போது கணக்குப் புத்தகம், மீதிப் பணம், பேனர் எல்லாம் அடுத்த வருடத்து ஜூனியர்களிடம் எழுதி ஒப்படைக்கிறார்களே, அந்தப் பட்டியலில் டொமைனையும் அதன் காலாவதி தேதியையும் ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று.